யாழ்ப்பாணத்துப் பாடல்களிற் கமமும் கமக்காரனும்

ஈழத்துத் தமிழிலக்கியத்தை மதிப்பிடுவோர் 'மண்வாசனை' என்னுஞ் சொல்லை அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றனர். ஒரு பாட்டிலே பனையும் வேலியும் கூழும் வந்துவிட்டால் அது மண்வாசனை வீசும் பாட்டெனப் புகழப்படுகின்றது. மண்ணுக்கு வாசனை தானே வருவதன்று. நீர் பட்டபோதே வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்நீரை வானம் தருவது ஆண்டிற் சில மாதங்களே. எஞ்சிய காலத்திற் கிணற்றிலிருந்து மனிதன் இறைத்துத்தான் மண்ணை நனைத்தல் வேண்டும். ஆகவே, கிராமத்து வாழ்வையும் கமத்தையும் பிறரோடு பகிர்ந்துகொள்ள எழுந்த பாட்டொன்றை ஆராய்வார், அதிலே கிராமத்துப் பொருள்கள் எத்தனை வந்துள்ளன என்று எண்ணுவதோடு அமையலாகாது. இறைத்தவன் அதில் வந்தானா, வந்தானாயின் விளைவில் அவனுக்குரிய பங்கு கூறப்பட்டதா என்பனவும் வினாவப்படல் வேண்டும்.

இந்நோக்கோடு நூலொன்றும் பாடல்கள் மூன்றும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நூல், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் ஒல்லாந்தர் காலத்திற் பாடிய பறாளை விநாயகர் பள்ளு. பாடல்களுள் இரண்டு நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கெனப் பாடியவை. மூன்றாவது 'மகாகவி' எனப் பெயர்பெற்ற அளவெட்டி உருத்திரமூர்த்தியினுடையது. மூன்று பாடல்களும் பாடசாலைப் பிள்ளைகள் பலர் அறிந்தவை. அறிந்த பாட்டே ஆராயப்படாமற் போவது என்பதும் கற்பிப்போர் அறிந்த உண்மையே.

பள்ளுப் பிரபந்தத்தின் அமைப்பு யாவரும் அறிந்தது. பள்ளனும் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் தோன்றுவர், மழைக்குறி காண்பர், ஆற்றிலே வெள்ளம் பெருகி வரும், பண்ணைக்காரன் வருவான், நெல்வகையும் மாட்டுவகையும் உழுபடைக் கருவிகளும் அடுக்கிச் சொல்லப்படும், உழவும் நாற்று நடுகையும் அறுவடையும் நெல்லளத்தலும் முறையே நிகழும், ஈற்றிற் சக்களத்தியர் ஏசிப் பின் கூடுவர். வயலில் உழைப்பவனைப் பாட்டுடை மாந்தனாகக் கொண்ட பிரபந்தம் இதுபோல் வேறில்லை என்று போற்றுவாருமுளர். அது உண்மையே. எனினும் பள்ளன் யாருக்காக உழுகின்றான் என்பதையும் பார்த்தல் வேண்டும். சுழிபுரத்துப் பறாளையிலே எழுந்தருளிய விநாயகர்மேற் பாடப்பட்டது இப்பள்ளு. மாவைச் சின்னக்குட்டிப் புலவரின் தண்டிகைக் கனகராயன் பள்ளு ஒரு தலைவன்மேற் பாடப்பட்டது. பண்ணை ஓரிடத்திற் கடவுளுடையது, மற்றோரிடத்திற் பிரபுவினுடையது. பள்ளன் அளக்கும் நெல் அவன் வீட்டுக்கு எவ்வளவு போயிற்று என்பது இப்பிரபந்தத்தின் நோக்கத்துக்கு உட்பட்டதன்று. அவனது ஏழைமையும் அவனுக்கு விழும் அடியும் கேட்போர்க்கு நகைச்சுவையாகவே அமைகின்றன. அவனைத் தொழுவிலே மாட்டிவைப்பதும் நகைக்குரிய கட்டங்களுள் ஒன்றாகவே வருகின்றது.

இன்னுமொன்று. ஆற்றுவெள்ளம் பாடுதல் பள்ளுக்குரிய மரபுறுப்பு. குடாநாட்டிலோ ஆறு கிடையாது. வழுக்கையாறு பெயரளவில் ஆறு. மாரியில் வெள்ளத்தை ஏந்திச் சென்று அராலிப் பக்கத்திற் கடலுக்கு விடும் வாய்க்காலே அது. காவிரி நாட்டிலும் பொருநை நாட்டிலும் உருவாகிய மரபைப் புலவர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தபோது ஆறும் உடன் வந்தது, கிணறு வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கமத்தின் இரு கூறுகளாகிய வயலும் தோட்டமும் என்பவற்றுள், வானம் பார்த்த வயலுக்கே பள்ளு மரபில் இடமுண்டு. செம்பாட்டு மண்ணிலே ஆண்டு முழுதும் மனிதன் நீரிறைத்துச் செய்த தோட்டத்துக்கு அம்மரபில் இடமில்லை.

தோட்டம் என்பது எத்தகையது என்பதைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். பின்வரும் பாடல்களை அளக்க அதுவே அளவுகோல். குடாநாட்டுக் காணி பரப்புக் கணக்கில் அளக்கப்படுவது. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நான்கு பரப்பும் ஐந்து பரப்பும் உடையவன் அதை வைத்தே குடும்பம் நடத்தினான். நீர்ப்பொறி வருமுன் அந்நிலத்துக்கு நீர் துலாவாலேயே இறைக்கப்பட்டது. ஆடுகாலின்மேற் கிடக்கும் துலாவிலே ஒருவனோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். துலாக்கொடியிற் கட்டிய பனையோலைப் பட்டையைக் கிணற்று வாயில் நிற்பவன் தாழ்த்தி நிரப்பிக் கவிழ்ப்பான். அங்கிருந்து வாய்க்கால் வழியே ஓடிவரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிட மற்றொருவர் வேண்டும். அது பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விழும் வேலை. விடியுமுன் தொடங்கும் இவ்விறைப்புக்கு ஆட்கள் தம்முள் மாறி மாறி உதவினர். கிணறும் பலருக்குப் பொதுவாதல் உண்டு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே நிலத்தின் அளவும் எல்லையும் கூறியபின் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்படும் வழக்கம் இதனால் வந்ததே. எவருக்கு எந்நாள் முறை என்பதும் அயலவர்க்குத் தெளிவு. நீரைப் பகிர்வதில் இத்துணைக் கணக்காயிருந்த சமுதாயம் அது. பாட்டிலே தன் வாழ்வைப் பகிர்ந்தபோது அக்கணக்கை வைத்ததா என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

சோமசுந்தரப் புலவர் வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து 1953ஆம் ஆண்டு மறைந்தவர். பனையின் பயனெல்லாம் கூறும் தாலவிலாசம் பாடியவரும் அவரே. சிறுவர்க்காக அவர் பாடியவை 'சிறுவர் செந்தமிழ்' என்னும் தொகுப்பாயின. அவற்றுள் ஆடிப்பிறப்பைப் பற்றிய பாட்டு யாழ்ப்பாணத்தார் செவியில் ஆழப் பதிந்தது. நாளைக்கு விடுமுறை என்று ஒரு சிறுவன் தோழர்களைக் கூவியழைக்கின்றான். பள்ளுப் புலவர் பாடியது கடவுளையும் பிரபுவையும் நோக்கி. இப்பாட்டோ ஒத்த வயதினரை நோக்கி எழுகின்றது. கிராம வாழ்வைப் பகிர்தல் என்பது, உள்ளபடி, இங்கேதான் தொடங்குகின்றது எனலாம். பாட்டைக் கேட்பவன் பார்வையாளனாய் அயலில் நிற்பதில்லை. கூழ் குடிக்க அழைக்கப்பட்டவனாய் வந்துவிடுகின்றான்.

இப்பாட்டின் சிறப்பை இசையோடும் எதுகையோடும் நிறுத்துவர் பலர். அதன் வலிமை வினைச்சொற்களில் உள்ளது. பயறு வறுக்கப்படுகின்றது, குத்தப்படுகின்றது. அரிசி இடிக்கப்படுகின்றது, தெள்ளப்படுகின்றது. மா பதமாக வறுக்கப்படுகின்றது. தேங்காய் உடைக்கப்பட்டுத் துருவப்படுகின்றது. மா குழைத்துக் கிள்ளித் தட்டப்படுகின்றது. இவ்வாறு வேலைக்குப் பின் வேலையாகப் பாட்டு நடக்கின்றது. பாட்டை மனனஞ் செய்த பிள்ளை, அறியாமலே, கொழுக்கட்டையும் கூழும் ஆக்கும் முறையையும் மனனஞ் செய்துவிடுகின்றது. தாய் கூழைத் துழாவுகின்றாள். பிள்ளைகள் ஓடிப் பலாவிலை பொறுக்கி மடித்துக் கோலுகின்றனர். தாய் அகப்பையால் அள்ளி வார்க்கின்றாள். அந்தப் பலாவிலைக்கு ஈடான காட்சி ஈழத்துச் சிறுவர் பாடல்களில் அரிது. பிள்ளையின் உழைப்பு இவ்வளவே என்பதும், அவ்வளவாவது உண்டு என்பதும் அதிற் புலனாகும்.

ஆயினும் பாட்டு அடுக்களையிலே தொடங்கி அடுக்களையிலே முடிகின்றது. ஆடி முதல்நாள் யூலை நடுவில் வருவது. குடாநாட்டு வயல் மாரி மழையை நம்பி விதைக்கப்பட்டுத் தை மாசியில் அறுக்கப்படுவது. ஆகவே கொழுக்கட்டைக்கு இடிக்கப்படும் அரிசி பல மாதங்களுக்கு முன் அறுத்துச் சேமித்த நெல்லினது. பனங்கட்டி எவனோ ஒருவன் பனையேறி இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சியெடுத்தது. ஆடிக் கூழ் கோடையில் நின்று மாரியை நினைக்கும் உணவு என்க. இந்த நீண்ட கணக்குப் பாட்டில் இல்லை. சிறுவர் பாட்டில் அதனைத் தேடுவது நேர்மையாகாது என்று கூறப்படலாம். அது ஏற்கத்தக்கதே; ஆனால் இப்பாட்டையே யாழ்ப்பாணக் கிராமத்தின் முழுச் சித்திரமாகக் கொண்டு வளர்ந்தவர் பலர் ஆதலின் அதன் எல்லையைக் குறித்தல் ஆசிரியர்க்குக் கடனாகும்.

'கத்தரி வெருளி' என்னும் பாட்டுத் தோட்டத்துக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்வது. தமிழ்நாட்டார் சோளக்கொல்லைப் பொம்மை என்பதை யாழ்ப்பாணத்தார் வெருளி என்பர். பறவையை வெருட்டுவதோடு, செழித்த பயிரிற் கண்ணூறு படாமற் காப்பதும் அதன் தொழிலென நம்புவோர் உளர். கத்தரித் தோட்ட நடுவே நிற்கும் இவ்வுருவைப் புலவர் காவற்காரனாக விளித்துப் பாடுகின்றார். அவன் கண்ணிமையான், உறங்கான், இரவும் பகலும் நிற்பான், கூலியும் வாங்கான். இப்படி ஊழியஞ் செய்பவன் வேறு யாருளன் என்று பாட்டு வியந்து வினவுகின்றது. உயிரில்லாததை உயிருள்ளதாகப் பாவித்து, அதன் குறைகளையே நிறைகளாகப் புகழும் இவ்வுத்தி மிக நுட்பமானது. வகுப்பறையிலே பிள்ளைகள் நகைக்கின்றனர், நகைத்தலே முறை.

எனினும் பிள்ளைகள் வளர்ந்தபின் அவ்வினாவை மீண்டும் கேட்பது நலம். கூலியின்றித் தோட்டத்தில் உழைத்தவன் வேறு யார்? யாழ்ப்பாணத்தின் வரலாறு இதற்கு விடை வைத்திருக்கின்றது. 1707இல் ஒல்லாந்தராற் சட்டமாக்கப்பட்ட தேசவழமையில் முதுசம், சீதனம், ஒற்றி என்பவற்றோடு அடிமைகளைப் பற்றியும் விதிகள் உள. அடிமைமுறை இலங்கையிற் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். புலவர் பிறந்தது அதற்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்தே. சட்டம் ஒழித்ததை வழக்கம் உடனே ஒழிக்கவில்லை. குடிமைத் தொழில் என்ற பெயரில் நெல்லும் பழந்துணியும் பெற்று உழைத்தோர் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தனர். புலவர் இதனை உட்கொண்டு பாடினார் என்று சாதிக்க ஆதாரமில்லை. அவ்வாறு சாதிப்பது பாட்டுக்கும் கேடு. ஆனாற் பாட்டு நின்ற தோட்டம் வெறுந் தோட்டமன்று. வெருளி அணிந்த பழைய உடுப்பு யாரோ ஒருவர் கழித்தது என்ற சிறு செய்தியே, அத்தோட்டத்தில் நின்ற வேறு சிலரையும் நினைவூட்டப் போதியது. ஒரு பாட்டின் நகைக்கு அடியிலே அதனை ஆக்கியோனும் எண்ணாத வினாவொன்று கிடப்பது பாட்டின் பலமேயன்றிக் குற்றமன்று. அதனைக் கற்பிக்கும்போது அவ்வினாவை மறைப்பதே குற்றமாகும்.

மகாகவி 1927இல் அளவெட்டியிற் பிறந்து, கொழும்பிலும் பிறவிடங்களிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்து, 1971இல் மறைந்தவர். ஊரை விட்டுப் போய் உத்தியோகத்திலிருந்த யாழ்ப்பாணத்தான் ஊரைப்பற்றி எழுதுவதில் ஓர் இடர் உண்டு. தூரம் எதையும் இனிப்பாக்கும். மகாகவியின் 'மீண்டும் தொடங்கும் மிடுக்கு' அவ்விடரை வென்ற பாட்டு. மழை பொய்த்த மண்; முள்ளும் செவ்வையாய் வளராத நிலம்; ஏர் செல்லாத பாறை. அதனைத் தம்மூரவன் ஒருவன் பிளக்கின்றான். ஆழத்திலுள்ள நீருக்காக அகழ்கின்றான். நாற்று வாழத் தன்னுயிரை வழங்குகின்றான். நெல் பொலிகின்றது. அறுக்கும் வேளையில் மழை வந்து அனைத்தையும் அழித்துவிடுகின்றது. அவன் முதலிலிருந்து மறுபடியும் தொடங்குகின்றான்.

இங்கே கூழில்லை, திருவிழாவில்லை, பனைநிழலில்லை. 'மண்வாசனை' தேடுவோர் அடுக்கக்கூடிய பொருளொன்றுமில்லை. ஆயினும் யாழ்ப்பாணக் கமத்தை அறிந்தோர்க்கு இப்பாட்டுப்போல் மெய்யானது பிறிதில்லை. கோடையில் வேண்டியபோது வாராத மழை, கதிர் முற்றியபின் வேண்டாதபோது வருவது குடாநாட்டு வயற்காரன் நன்கு அறிந்த கொடுமை. பாட்டின் நடையும் அவ்வுழைப்பை ஒத்தது. சொற்கள் குறுகியவை, வாக்கியங்கள் வெட்டுண்டு நிற்பவை, மண்வெட்டி பாறையிற் படும் ஓசையை ஒத்த தாளம் அதில் உண்டு. பள்ளிலே உழைப்பவன் நகைக்குரியவனாய் நின்றான். சோமசுந்தரப் புலவரிடம் அவன் இடத்தில் வெருளி நின்றது. மகாகவியிடமே அவன் மனிதனாக நிமிர்ந்து நிற்கின்றான்.

இத்துணைச் சிறந்த பாட்டிலும் இரண்டு குறைகளைச் சுட்டவேண்டியுள்ளது. முதலாவது, முயற்சிக்கு எல்லையில்லை என்னும் கொள்கை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையினுள் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோற் கிடப்பது. அளவுக்கு மிஞ்சி அகழ்ந்தாலும், பொறிவைத்து மிஞ்சி இறைத்தாலும் உவர் மேலேறும். நல்ல கிணறு கெடும். ஆகவே எவ்விடத்தில் அகழ்வதை நிறுத்தவேண்டும், எத்தனை நாழிகை இறைத்து ஊற விடவேண்டும் என்பவற்றை அறிவதும் இங்குள்ள கமக்காரனின் மிடுக்கே. 1950களின் பின் மண்ணெண்ணெய்ப் பொறிகள் பெருகித் துலா மறைந்தபோது இவ்வறிவு தளர்ந்தது. அதன் விளைவு பல கிணறுகளில் உப்பாகத் தெரிகின்றது. வீரத்தைப் பாடிய கவிஞர் நிதானத்தைப் பாடவில்லை. துலாவின் மெதுவான நடையிலே ஒரு பாதுகாப்பு இருந்தது. மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது.

இரண்டாவது குறை பெரிது. பாறை பிளந்தவனின் நிலம் யாருடையது? அழிந்த நெல்லுக்கு நட்டமுற்றவன் அவன்தானா? வாரத்துக்குச் செய்தவனாயின் காணிக்காரனுக்கு என்ன சொன்னான்? மீண்டும் தொடங்குவதற்கு விதைநெல்லைக் கடன் கொடுத்தவன் யார்? பாட்டு இவற்றைச் சொல்வதில்லை. குறுகிய பாட்டு எல்லாவற்றையுஞ் சொல்லவியலாது என்பது மெய். எனினும் சாதிக் கொடுமையைத் 'தேரும் திங்களும்' என்னும் பாட்டில் அஞ்சாது எடுத்த கவிஞர், கமத்தைப் பாடும்போது சாதியும் காணியுமற்ற பொதுமனிதனைப் படைத்தது கவனிக்கத்தக்கது. பணத்தைப்பற்றிய இம்மௌனம் அவர்க்கு மட்டும் உரியதன்று. இங்கெடுத்த மூன்று பாடல்களிலும் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் வாரா. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றப்பட்டு ஊருக்குப் பணம் கொணர்ந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் தோட்டக்காரனைத் தூக்கிவிட்டன. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவையே அவனை விழுத்தின. உண்ணும் பயிரைப் பாடிய புலவர்கள் விற்கும் பயிரைப் பாடவில்லை. விருந்துக்கு அழைத்தவர்கள் கணக்கேட்டைக் காட்டவில்லை என்க.

அக்கணக்கேட்டைத் திறந்தவர் கே. டானியல். அவருடைய 'பஞ்சமர்' முதலிய நாவல்கள் கலையமைதியிற் குறையுடையன என்று விமரிசகர் சொல்வர். உரையாடல் நீள்கின்றது, நிகழ்ச்சி நெருக்குகின்றது என்பதும் உண்மையே. ஆயினும் தோட்டத்திலே இறைத்தவனும் வடலிவளவிற் குடியிருந்தவனும் தம் வாயாற் பேசும்போது ஒரு சொல்லின் பொருள் மாறிவிடுகின்றது. அச்சொல் 'கமக்காரன்' என்பது. அகராதி அதற்கு உழவன் என்று பொருள் கூறும். டானியலின் மாந்தர் அச்சொல்லைத் தம் எசமானை விளிக்க வழங்குகின்றனர். மண்வெட்டி பிடித்தவன் கமக்காரனல்லன், பிடிப்பித்தவனே கமக்காரன். ஒரே சொல் வயலின் இரு வரம்புகளிலும் நின்று இருவேறு பொருள் தருவதை இலக்கியம் பதிவு செய்ய இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இவ்வாராய்ச்சி பழம்பாட்டைக் குறைகாண எழுந்ததன்று. இன்று இப்பாடல்கள் படிக்கப்படும் நிலையே இதனை வேண்டுகின்றது. நவாலியும் அளவெட்டியும் வலிகாமத்து ஊர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாளில் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டுப் பெயர்ந்தது. அதற்கு முன்பே, 1990 முதல், பலாலி, வசாவிளான், குரும்பசிட்டி முதலிய செம்மண் ஊர்களின் தோட்டக்காரர் தம் நிலத்தை இழந்திருந்தனர். 2009இன் பின்னர் அந்நிலங்களிற் சில பகுதிபகுதியாகவே விடப்பட்டன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடும் பிள்ளைகளுக்குக் கூழ் குடிக்கப் பலாவிலை கிடைப்பதில்லை. பெற்றோர் அப்பாட்டைக் கேட்கும்போது நெஞ்சு கரைவர், கரைவது இயல்பு. அக்கரைவிலே கிராமம் வியர்வையற்ற, வழக்கற்ற, கடனற்ற ஊராக மாறிவிடுகின்றது. காணி விடப்பட்டபின் திரும்பிப்போய் முட்புதர் வெட்டித் தூர்ந்த கிணற்றைக் கலக்கி இறைக்கும் ஒருவனோடு, அவ்வினிய ஊரை மட்டும் அறிந்தவர் பேசுவதற்கு என்ன இருக்கும்? அவனுடைய வினாக்கள் வேறு. உறுதியிற் கிணற்றுப் பங்கு எத்தனை பேருக்கு எழுதப்பட்டுள்ளது, அவருள் எவர் எந்நாட்டில் உள்ளார், முறையை இனி எவரோடு பகிர்வது, கூலிக்கு வருபவனுக்கு அந்தக் கிணற்றில் அள்ளிக் குடிக்க உரிமை உண்டா என்பன அவை.

இவற்றுள் இறுதி வினாவுக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபட்டே வந்துள்ளது. பறாளைப் பள்ளிலோ, வெருளிப் பாட்டிலோ, மிடுக்குப் பாட்டிலோ அதற்கு விடை தேடுவார்க்குக் கிணற்றுக்கட்டின் அருகுவரை வழியுண்டு; பட்டை எவர் கையில் என்பதைக் காண டானியலிடமே செல்லவேண்டும்.